துள்ளாத கால்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூசுகிறவள், இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் சமையலறை மேசை இழுப்பறையில் ஊசி முனை டுவீசர், சின்ன இடுக்கி, ஒன்று கிடக்கிறது. இப்போது மீன் முள் எடுக்க உதவுகிறது. தினமும் காலையில் அதன் முனையால் இடது கால் பெருவிரலை ஒரு தரம் குத்திப் பார்ப்பேன். அந்த நேரத்தில் லீடர் அக்காவின் முகம் தவறாமல் வந்து நிற்கும்.

மலாய் நாட்டுப் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் முன்னால் டுவீசரோடு உட்கார்ந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது அப்போது என் வேலை. எங்கள் லைனுக்கு அவர்தான் லீடர். அவரும் எங்களைப் போல ஆப்பரேட்டராக நுழைந்து மேலே வந்தவர். "பிள்ளைத்தாச்சியா இருந்தப்பவே நின்னு வேலை பார்த்தவ நான். உங்களுக்கெல்லாம் தும்மினா எம்.சி." என்பார். எம்.சி. என்றால் டாக்டர் கொடுக்கும் விடுப்புச் சீட்டு. கிளினிக் வாசலில் அழுது எம்.சி. வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் சுற்றிய பெண்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். அதனால் யார் உடம்பையும் அவர் நம்பியதில்லை.

எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, குணமாகி, வேலைக்குத் திரும்பிய பிறகுதான் பாதங்களில் எறும்பு ஊர ஆரம்பித்தது. பிறகு பாதங்கள் மரத்தன. ஒருநாள் செருப்பு மாற்றும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. லைனே என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"என்னலா, எம்.சி. ராணிக்கு இன்னிக்கு என்ன புது நோவு?" என்று கேட்டபடி லீடர் அக்கா வந்தார். கால் மரத்துப்போச்சு அக்கா என்றேன். அவர் என் சட்டைப் பையிலிருந்து டுவீசரை எடுத்தார். குனிந்து என் பெருவிரலில் குத்தினார். நான் அசையவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினார். ரத்தம் பொட்டாக வந்தது. அதை நான் கண்ணால்தான் பார்த்தேன்; வலி ஏதும் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து மற்றவர்களிடம், "பாத்தீங்களா அழுத்தத்தை? கத்தக்கூட மாட்டேங்கிறா. சினிமாவுல சேர்ந்திருக்கலாம்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கத்தியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கத்தியிருந்தாலும் நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனை செய்தார்கள். காலில் வட்ட வட்டமாக ஒட்டி, மின்சாரம் விட்டு, நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது என்று திரையில் பார்ப்பார்கள். அன்று எல்லாம் சரியாக வந்தது. "நோய் ஆரம்பத்துல இதுல தெரியாமலும் போகலாம், கட்டாயம் திரும்ப வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். லீடர் அக்காவுக்கு 'நார்மல்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கேன்டீனில் என்னைக் காட்டி, "மெஷினே சொல்லிடுச்சு" என்றார். அதன் பிறகு கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பின்னாலிருந்து கை தட்டினார்கள். எனக்கு வேலையைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று அந்த ஒரு மனுஷி நம்ப வேண்டும்.

கம்பெனி பஸ் படியில் ஏறும்போது விழுந்தேன். அப்படியே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். இரண்டாவது சோதனைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் லீடர் அக்கா பார்க்க வந்தார். "மேல கேக்கிறாங்க, எப்ப வருவேன்னு" என்றார். அவரும் கூட வரட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

குளிர்ந்த அறை. கால் குளிர்ந்திருந்தால் நரம்பு மந்தமாகக் காட்டுமாம். சோதனை செய்யும் மலாய் அக்கா முதலில் போர்வை சுற்றிக் காலைச் சூடாக்கினார். "தாஹான் யா," பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு முழங்காலுக்குப் பக்கத்தில் மின்சாரத்தை வைத்தார். முதல் தடவை அந்த இடத்தில் பாதம் தவளை போலத் துள்ளியிருந்தது. இந்தத் தடவை சும்மா கிடந்தது. மின்சாரத்தைக் கூட்டினார்.

"இன்னும் கூட்டிப் பாருங்க. இவ அழுத்தக்காரி" என்றார் லீடர் அக்கா மலாயில்.

கூட்டினார். தொடை வரை சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தையே பார்த்தேன். அது யாருடைய பாதமோ போலக் கிடந்தது. திரையில் மேடு இருக்க வேண்டிய இடத்தில் கோடு படுத்துக் கிடந்தது. லீடர் அக்கா கிட்டே வந்து என் பெருவிரலைத் தொட்டார். அந்தப் பழைய காயத்தின் மேலேயே விரல் நின்றது. "ஐயோ, நெசமாவா?" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கால் செத்துக் கிடந்த அந்த நிமிஷம்போல நான் என்றைக்கும் சந்தோஷப்பட்டதில்லை.

அவர் டாக்டரிடம் எப்போது சரியாகும் என்று கேட்டார். பல மாதம் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்றார் டாக்டர். லீடர் அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வார்டில் என் போர்வையை இழுத்துவிட்டார், தலையைக்கூடத் தடவினார். "தங்கச்சி, லாக்கர் சாவி எங்க? உன் சாமானையெல்லாம் பத்திரமா எடுத்து வைக்கிறேன்" என்றார். அதுவரை என்னை ஒருநாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. தலையணைக்கடியிலிருந்து சாவியை ஆசையோடு எடுத்துக் கொடுத்தேன். நான் நடிக்கிறேன் என்று அவர் நினைத்த வரைக்கும் என்னைத் திட்டித் திட்டி என் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். நம்பிய பிறகு அதற்கு அவசியமில்லாமல் போயிற்று.

இன்று அவர் ஓய்வில் இருக்கிறார். பசாரில் எதிர்ப்பட்டால் பாதம் தொங்காமலிருக்க இடது காலில் நான் மாட்டியிருக்கும் கட்டையைக் காட்டி, பக்கத்தில் நிற்பவரிடம், "இவளுக்காக நான் எவ்வளவு பேசியிருக்கேன் தெரியுமா" என்கிறார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். வலது கால் தேறிவிட்டது. இடது பெருவிரலில் இன்று காலையும் டுவீசரால் குத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சாவி கொடுத்த மறுநாள் மத்தியானம், லைனில் பக்கத்து இடத்துப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். செருப்பு, தண்ணீர் போத்தல், முருகன் படம், டுவீசர். என் நாற்காலியில் காலையிலேயே வேறு ஆள் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள்.