ஜெர்மன்காரி கிருபாவதி

போடி பஜாரில் கிருபாவதி எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். 'ஜெர்மன்காரி' என்று கேட்டால் உடனே சுந்தர்ராஜின் ஏலக்காய்க் கடையைக் கை காட்டுவார்கள். அந்தப் பெயரில் கேலி இருந்தது. ஆனால் அது அவளுக்கு உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடையைப் போல அவளுக்குள் ஒரு பக்கம் மரத்துப் போயிருந்தது. ஊசியின் வேகம் மட்டும் இறங்கவே இல்லை.

அவள் ஜெர்மனிக்குப் போனது 1970இல், நர்ஸ் ஆவதற்காக. அங்கே ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறை என்றும், முதலில் ஒரு பள்ளியில் அவர்கள் மொழியைப் படித்தால் பிறகு நர்சிங் பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சர்ச் சபையில் பேச்சு அடிபட்டது. அனுப்பி வைக்க முன்வந்தவர் அவள் அப்பாவுக்குப் பழக்கமானவர். "நல்ல வீட்டு ஆளு" என்ற ஒரே வார்த்தையோடு விசாரணை முடிந்தது. பள்ளி எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பள்ளி ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. புதிதாக வந்தவர்களும் பழையவர்களும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாத்தியார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். ரொட்டி வாங்கவும், மணி கேட்கவும், வழி கேட்கவும் கிருபாவதி கற்றுக்கொண்டாள். கடைசியில் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த மூத்த நர்ஸ் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அரசாங்கம் ஆய்வு செய்து அங்கீகரித்த பள்ளியில் படித்தவர்களைத்தான் எடுக்க முடியும் என்றாள். மனசு கேட்காமல் ஒரு கேள்வியும் கேட்டாள். "மூச்சுவிடச் சிரமப்படுகிற நோயாளியிடம் என்ன விசாரிப்பாய்?" கிருபாவதிக்குக் காலை வணக்கம் சொல்லத் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது பள்ளிக்கூடத்துக் கதவில் பூட்டு. விசா முடிந்தது. ஊர் வந்து சேர்ந்தாள். அப்பா காலமான பிறகு சித்தப்பா சுந்தர்ராஜின் கடையில் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். வருஷங்கள் போய்விட்டன.

இப்போது சித்தப்பாவின் மகள் சாராளின் முறை வந்தது. பி.யு.சி. முடித்தவள். அவளுக்கும் ஜெர்மனி, அவளுக்கும் நர்ஸ் வேலை. அனுப்பி வைக்கிறேன் என்று கம்பத்து ஏலத்தோட்டக்காரர் குருசாமியின் மகன் கர்ணன் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த படங்களோடு கடைக்கு வந்து உட்கார்ந்தான். சாராள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

"பள்ளிக்கூடம் புதுசு. நம்ம சிநேகிதருதான் நடத்துறாக" என்றான் கர்ணன்.

சல்லடையை நிறுத்தாமலே கிருபாவதி கேட்டாள். "அங்கீகாரம் இருக்கா?"

"வந்துட்டாகய்யா ஜெர்மன்காரி!" கர்ணன் சிரித்தான். "நம்ம ஆளு நடத்துற பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் எதுக்குக்கா?"

சித்தப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. "கேட்டியா? இவுக அப்பாகிட்ட அந்தக் காலத்துலருந்து காய் எடுக்குறேன். மத்தவுக மூட்டையக் குத்திப் பாப்பேன். இவுக வீட்டு மூட்டைய ஒரு நாளும் பிரிச்சதில்ல. அதுதான் யாவாரம்."

அது பொய்யில்லை. போடியில் பேர்பெற்ற வீட்டு மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது அந்த வீட்டையே அவமதிப்பதுதான்.

"மூட்டை அவுக தோட்டத்துலருந்து வருது சித்தப்பா. பள்ளிக்கூடம் அவுக தோட்டத்துல விளையலையே" என்றாள் கிருபாவதி. அவள் குரலில் கோபமே இல்லை. விலாசம் சொல்வதைப் போலச் சொன்னாள். "எங்கூட ஒரு கோட்டயத்துப் பொண்ணு தங்கியிருந்தா. அவ படிச்சது அங்கீகாரம் உள்ள பள்ளிக்கூடம். ஆய்வுக்கு வர்றவுக வகுப்புலயே வந்து உக்காந்துக்கிருவாகளாம். வாத்தியாரு என்ன படிச்சவரு, ஒரு வகுப்புல எத்தனை பேரு, சேரும்போது சொன்னதத்தான் சொல்லிக் குடுக்குறாகளான்னு பாப்பாக. ஒரு தடவை பாத்தாச்சுன்னு விடுறதில்ல, திரும்பவும் வருவாக. கோளாறு இருந்தா அங்கீகாரம் போயிரும். அவளுக்கு ஆஸ்பத்திரியில பேசத் தெரிஞ்சது. எனக்கு ரொட்டி வாங்கத் தெரிஞ்சது."

"உனக்குப் படிப்பு ஏறலைன்னா பள்ளிக்கூடம் என்ன செய்யும்? நீ போயி விளங்கலைன்னு என் மகளும் போகக் கூடாதா?" என்றார் சித்தப்பா.

கிருபாவதியின் சல்லடை நிற்கவில்லை. அவர் சொற்கள் எங்கேயோ தூரத்தில் போய் விழுந்தன.

சாராள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயணத்துக்காக வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டி வீட்டு நடுக்கூடத்தில் இருந்தது. சிநேகிதிகளிடம் எல்லாம் விடை பெற்றாகிவிட்டது. மெதுவாகக் கர்ணனிடம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தப் பள்ளிக்கூடத்தப் பாதியில மூடிட்டா எங்கள வேற எங்கனயும் சேத்துவிடுவாகளா?"

"ஏத்தா, போகும்போதே அபசகுனமாப் பேசுற?"

"இல்லண்ணே, கேக்குறேன். அங்கன குடுக்குற சான்றிதழ ஆஸ்பத்திரியில எடுத்துக்கிருவாகளா?"

கர்ணன் படங்களை அடுக்கினான். "எங்க வீட்டு ஆளுகள இப்பிடி நிக்க வச்சுக் கேள்வி கேட்டது உங்க வீடுதான் மாமா" என்று எழுந்தான். காபி ஆறிப்போயிருந்தது. கேட்டதற்கு அவன் பதில் சொல்லவே இல்லை என்பதை மூன்று பேருமே கவனித்தார்கள்.

"நான் இவுக மூலமாப் போகலப்பா" என்றாள் சாராள். சொன்னதும் அழுதுவிட்டாள்.

கர்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். சித்தப்பா வாசல்வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இனி அந்த வீட்டுக் காய் நம்ம கடைக்கு வராது. சந்தோஷமா உனக்கு?"

சந்தோஷமா என்று கிருபாவதி தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. வருத்தமும் இல்லை.

சித்தப்பா மார்க்கெட்டுக்குப் போன பிறகு சாராள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அங்கீகாரம் உள்ள பள்ளிக்கூடம் எதுன்னு யாருகிட்டக்கா கேக்குறது?"

"மெட்ராசுல அந்த நாட்டு ஆபீஸ் இருக்கு. எழுதிக் கேளு. எடம் கெடைக்க ஒரு வருஷம் ஆகும்."

"ஆகட்டும். நீங்களும் எங்கூட வர்றீகளா?"

"எனக்கு வயசு தாண்டிருச்சு."

சாராள் எழுந்து உள்ளே போனாள். கிருபாவதி அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்துக் காயைச் சல்லடையில் கொட்டினாள்.