தங்கச்சி தோற்ற ஊருக்கு

காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் திருவாதவூர் பஸ் ஏறினேன். டிக்கெட் ஆறு ரூபாய். தூரம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். 2006 உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு எண்ணி இரண்டு நாள் ஆகியிருந்தது. திருவாதவூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தலைவர் பதவிக்கு நின்ற என் சித்தி மகள் செல்வி, பதினோரு ஓட்டில் தோற்றிருந்தாள். நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ளப் போனேன்.

கோரிப்பாளையத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, இன்டர்நெட்டிலிருந்து செல்போனுக்கு இலவசமாகச் சேதி அனுப்புவது எப்படி என்று கேட்டார். கல்யாண அழைப்பு என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நானே காட்டிக் கொடுத்தேன்.

ஒத்தக்கடையில் யானைமலை தாண்டியதும் இரு பக்கமும் நடவு வயல்கள். முன் சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருக்கண்ணே?"

சொன்னேன்.

"அங்கயா? ஓட்டுக்கு மொத நா ராத்திரி போட்டியிலருந்து வெலகிருச்சே ஒரு பொம்பள, அந்த ஊருதான?"

"வெலகலங்க."

"செல்லுலயே வந்துச்சேண்ணே!" என்று சிரித்தார்.

எட்டேகாலுக்கு இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடந்தேன். செல்வி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் விலகிவிட்டதாகப் பொய்ச் சேதி போனது என் கடையிலிருந்துதான் என்று, உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கை நின்றது.

"விடிஞ்சதுலருந்து வீடு வீடாப் போயி, நான் வெலகலன்னு கத்துனேண்ணே. நேருல நிக்கிற என்னைய நம்பல. அம்புட்டுப் பேரும் செல்லுல வந்ததத்தான் நம்புனாக."

கையிலிருந்த துணியைப் பிழிந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போறேன். கூட வந்து, இப்பச் சொன்னத அங்க சொல்றீகளா?"

போலீஸ் வரும், கடையைப் பூட்டுவார்கள் என்று மனம் ஓடியது. "யோசிச்சுச் சொல்றேன்டா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரிண்ணே. பத்தரைக்கு பஸ்ஸு இருக்கு" என்று எழுந்து உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அந்த ஊரில் ஒருத்தி தனியாக எல்லா வாசலிலும் போய் நின்றிருக்கிறாள். எனக்கு ஒரு வாசல் ஏறப் பயம்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். கோரிப்பாளையத்திலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம்.