றெக்சின் மாடு

நான் சீற் தைக்கிறவன். மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம் என்று மனிதன் குந்தக்கூடிய எதற்கும் மல்லாவிக் கடைத்தெருவில் குசன் அடித்துக் கொடுக்கிறேன். இத்தனை வருடத் தொழிலில் ஒரேயொரு முறை யாரும் குந்த முடியாத ஒரு பொருளைச் செய்தேன். அது ஒரு மாடு. அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதற்பரிசு ஒரு நுளம்புக்குப் போனது.

மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பக்கத்து வளவிலிருந்து தொடங்க வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு முள்ளுக்கம்பி வேலி. அந்தப் பக்கம் இருப்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். அக்கா என்றுதான் நானும் மனைவியும் கூப்பிடுவோம். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போன பிறகு அவர் வீட்டில் எஞ்சியது அவரும் ஒரு சிவப்பு மாடும்தான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கீழ்நோக்கி வளைந்த இடக்கொம்பு, வலது காதில் ஒரு வெட்டு, பின்தொடையில் குறி. எங்கள் பகுதியில் சொந்தக்காரர் தன் மாட்டுக்குக் குறி சுட்டு விடுவார். குறியைப் பார்த்தால் யாருடைய மாடு என்று வழியால் போகிறவனும் சொல்லுவான். அக்காவின் குறி ஒரு வட்டமும் அதன் கீழே ஒரு பிறையும்.

இவ்வளவு விபரம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அன்பு அல்ல. அந்த மாடு இரண்டு வருடமாக எங்கள் பயித்தங்காய்ப் பந்தலில் சாப்பிட்டு வந்தது. காலையில் கடைக்குப் போகும்போது பூவோடு நிற்கும் கொடி, பின்னேரம் வந்து பார்த்தால் வெறும் தடியாக நிற்கும். நான் வேலிக்கருகில் போய்க் கத்துவேன். அக்காவும் வந்து கத்துவார்.

"கயிறறுத்துக்கொண்டு வந்திட்டுது, நான் என்ன செய்ய? மாட்டுக்கு வேலி தெரியுமோ?"

"மாட்டுக்குத் தெரியாது அக்கா. ஆளுக்குத் தெரியவேணும்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் கதைக்க மாட்டோம். மூன்றாம் நாள் அவர் வேலிக்கு மேலால் ஒரு போத்தல் பால் நீட்டுவார். என் பயித்தையில் கறந்த பால்தானே என்று நான் சொல்லாமல் வாங்கிக்கொள்வேன். சண்டையும் பாலுமாக வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாட்டைத் துரத்திக் கலைக்கவென்றே நான் ஒரு கொட்டன் வைத்திருந்தேன். நல்ல பாலைத்தடி. கை வழுக்காமல் இருக்கப் பிடியில் சீற் தைக்கும் கறுப்பு றெக்சின் சுற்றி இரட்டைத் தையல் போட்டிருந்தேன். தடிக்கு எதற்கு இரட்டைத் தையல் என்று மனைவி கேட்டாள். தொழில் தெரிந்தவன் தடியையும் அப்படியே விடமாட்டான் என்றேன்.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம், புல் எல்லாம் கருகிக் கிடந்த நேரம், மாடு மறுபடியும் பந்தலுக்குள் நின்றது. அன்றைக்கு எனக்கு வழமையைவிடக் கோபம். காலையில் கடையில் ஒருவர் சீற் கோணல் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோணல்தான், அதுதான் கோபம். வழக்கமாக மாட்டை அதன் வீட்டுப் பக்கம் திருப்பித்தான் கலைப்பேன். அன்றைக்கு எங்கள் படலையை விரியத் திறந்து றோட்டுப் பக்கம் கலைத்தேன். அலைந்து போய்ப் புத்தி படிக்கட்டும் என்று நினைத்தேன். படலை தாண்டி றோட்டு வரைக்கும் பின்னால் ஓடினேன். கிரவல் ஏற்றிய டிப்பர் ஒன்று வந்தது.

நான் திரும்பி வந்து படலையைச் சாத்தினேன். பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கொட்டனை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. தேடவுமில்லை.

மாடு கயிறறுத்துக்கொண்டு றோட்டுக்குப் போய் அடிபட்டுவிட்டது என்று ஊர் சொன்னது. அக்காவும் மறுக்கவில்லை. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதன் பிறகு வேலியடியில் சண்டை இல்லை, பால் இல்லை, கதையும் இல்லை. பயித்தை மட்டும் நன்றாகக் காய்த்தது. மனைவி சமைத்துவைத்தாள். எனக்கு இறங்கவில்லை. அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் ஒன்பது மாதம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, நித்திரையையும் கெடுத்தது.

சித்திரை வந்தது. விளையாட்டுக் கழகத்தின் புத்தாண்டு விழாவில் முட்டியுடைத்தல், கயிறிழுத்தல் எல்லாம் முடிய, கடைசி நிகழ்ச்சி விநோத உடைப் போட்டி. கழகத்தின் செயலாளர் பெயர் பதியும் கொப்பியோடு வந்தபோது நான் கடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி விபரம் சொன்னாள்.

"உங்களைப் பால்காரி எண்டு பதிஞ்சு விட்டிருக்கிறன். என்ர பச்சைச் சீலை தாறன்."

"மீசை எடுக்கமாட்டன்."

"எடுக்க வேண்டாம். மீசை வைச்ச பால்காரி எண்டால்தான் சனம் சிரிக்கும். பக்கத்தில ஒரு மாடு வேணும். அதை நீங்கள் செய்யுங்கோ."

நிச மாடு கொண்டுபோக முடியாது. அதற்கு முதல் வருடம் ஒருவர் நிசக் கிடாயோடு வந்திருந்தார். கிடாய் பிரதம விருந்தினரின் மாலையைத் தின்றது. விருந்தினர் அப்போது அதைக் கழுத்தில் போட்டிருந்தார். அதிலிருந்து உயிருள்ள பிராணிகளுக்குத் தடை.

மாடு செய்ய மாட்டேன் என்று சொல்லக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்தை மனைவிக்கும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே செய்தேன்.

கடையில் சிவப்பு றெக்சின் எஞ்சியிருந்தது. ஒரு முச்சக்கரவண்டிக்காரர் சொல்லிவைத்துவிட்டு வராமல் போனதில் மிஞ்சியது. மண்டைக்கு ஒரு பழைய ஹெல்மெட். முகத்துக்கும் கழுத்துக்கும் ஸ்பொஞ். உடம்புக்குக் கம்பி வளையங்கள் கட்டி அதற்கு மேல் றெக்சினைப் போர்த்தித் தைத்தேன். கன்றளவு உயரம். தோளில் ஒரு வார்பட்டியால் தொங்கும். நான்கு காலும் நிலத்தில் பட்டும் படாமலும் ஆடும். குளம்புகள் தேய்ந்த செருப்பில் வெட்டியவை. வாய்தான் என் கெட்டித்தனம். கழுத்துக்குள் இடக்கையை விட்டு அங்கே பூட்டியிருந்த பிரேக் பிடியை அமத்தினால், கேபிள் இழுத்துக் கீழ்த்தாடை திறக்கும். விட்டால் ஸ்பிரிங்கில் மூடும். முதலில் கண்ணுக்குச் சிக்னல் லைற்றின் மஞ்சள் மூடி வைத்துப் பார்த்தேன். மாடு வலப்பக்கம் திரும்பப் போவது மாதிரி இருந்தது. பிறகு கறுத்த பொத்தான் வைத்தேன்.

ஏதாவது ஒரு மாடு செய்வதுதான் என் எண்ணம். ஆனால் கை, தெரிந்ததைத்தான் வெட்டியது. நெற்றிக்கு வெள்ளைத் துண்டு ஒன்று ஒட்டினேன். இடக்கொம்பு தானாகக் கீழே போனது. வலது காதில் கத்தரிக்கோல் ஒரு வெட்டுப் போட்டது. எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது, குறியில்லாத மாடு களவெடுத்த மாடு மாதிரித் தெரிந்தது. ஒரு கம்பியைக் காய்ச்சி எடுத்தேன். வேறொரு குறியை யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவே இல்லை. வட்டம், கீழே ஒரு பிறை. றெக்சின் புகைந்து மணத்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். மாட்டைப் பார்த்தாள். தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"இது அக்காவின்ர மாடெல்லோ!"

"ஓம்."

"உங்களுக்கென்ன விசரோ? செத்த மாட்டைக் கொண்டுபோய்ச் சனத்துக்கு முன்னால ஆட்டப் போறியளோ? வேற றெக்சின் இல்லையோ?"

"கறுப்புத்தான் இருக்கு. நாளைக்கு விளையாட்டு."

குறியை மறைக்க ஒரு துவாயை மடித்து மாட்டின் பின்பக்கம் ஊசி குத்தினாள். துவாய் போட்ட மாடு, குளிக்கப் போகிற மாடு மாதிரி இருந்தது. அதுவும் சனத்துக்குச் சிரிப்புத்தான் என்று ஆறுதல் சொன்னாள்.

மைதானத்தில் நல்ல வெயில், நல்ல காற்று. எனக்கு முன்னால் டெங்கு நுளம்பு ஒன்று குடைக்கம்பிக் கால்களோடு போய்க்கொண்டிருந்தது. நான் பச்சைச் சீலை கட்டி, பொட்டு வைத்து, மீசையோடு, ஒரு கையில் பால் வாளியும் மறு கையில் மாடுமாக "பாலோ பால்" என்று கத்திக்கொண்டு போனேன். மாடு வாயைத் திறந்து மூடியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "மாடு பல்லு மினுக்கியிருக்குதோ எண்டு நடுவர்கள் பார்க்கவும்" என்றார். ஒரு நிமிடம் எனக்கே பெருமையாக இருந்தது.

பெண்கள் இருந்த கதிரை வரிசைக்குக் கிட்டப் போனபோது காற்று துவாயைத் தூக்கிக்கொண்டு போனது. அதே நேரம் பிரேக் கேபிள் இறுகிவிட்டது. வாய் ஆவென்று திறந்தபடி மாடு அப்படியே நின்றது. முன்வரிசையில் அக்கா இருந்தார்.

சிரிப்பு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லமெல்லக் குறைந்தது. குறியை எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண், "ஐயோ, அந்தச் சிவப்பு" என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா கதிரையை விட்டு எழும்பி வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குறியில் விரலை வைத்து வட்டத்தைச் சுற்றித் தடவினார். பிறகு கொம்பைப் பிடித்துப் பார்த்தார்.

"இடக்கொம்பு இன்னும் கொஞ்சம் கீழ வரவேணும்" என்றார்.

திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். நான் மிச்ச மைதானத்தை வாய் திறந்த மாட்டோடு சுற்றி முடித்தேன். பால் விற்க மறந்துவிட்டேன். இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி தந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவின் படலை முதலில் வரும். மனைவியை வாளிகளோடு அனுப்பிவிட்டு நான் உள்ளே போனேன். உடுப்பு மாற்றிவிட்டு வரலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. மாற்றினால் வரமாட்டேன் என்று தெரியும். அக்கா முற்றத்தில் நின்று உடுப்புக் காய்ந்ததை எடுத்துக்கொண்டிருந்தார். மாட்டுக் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது.

"அக்கா, அண்டைக்கு மாட்டை றோட்டுக்குக் கலைச்சது நான்தான்."

அவர் உடுப்பை மடித்து முடித்தார். "ஓம்" என்றார். உள்ளே போனார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் கையில் தந்தார். என் கொட்டன். கறுப்பு றெக்சின், இரட்டைத் தையல். ஒரு தூசி இல்லை.

"மாட்டுக்குப் பக்கத்தில கிடந்தது. இந்த ஊரில தடிக்கு ஆர் தையல் போடுவினம்?"

ஒன்பது மாதம் அவர் அதைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறார். நான் அழுதேன். சீலைத் தலைப்பு இருந்தது வசதியாகப் போய்விட்டது. பொட்டு அழிந்து மூக்கு வரை வந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்காமல் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனக்கா ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீங்கள் கயிறைக் கேட்டிருப்பியள்."

"என்ன கயிறு?"

"அண்டைக்கு அது கயிறு அறுக்கேல்லை. வைக்கல் முடிஞ்சுது, பசியில கத்திக்கொண்டு நிண்டுது. உங்கட பயித்தை வடிவாப் பூத்திருந்துது. நான்தான் அவிட்டுவிட்டனான்." பிறகு, "அண்டைக்கு மட்டுமில்லை" என்றார்.

இரண்டு வருடச் சண்டையை நான் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேறொரு நாளென்றால் கத்தியிருப்பேன். அன்று வார்பட்டியைத் தோளிலிருந்து கழற்றினேன்.

"அதை விட்டிட்டுப் போங்கோ" என்றார். "கொம்பை நான் வளைச்சுக்கொள்ளுறன்."

அடுத்த நாள் காலை பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது வேலிக்கு மேலால் பார்த்தேன். கொட்டிலில் றெக்சின் மாடு நின்றது. வாய் இன்னும் திறந்தபடிதான். இடக்கொம்பு சரியாக இறங்கியிருந்தது. கழுத்தில் நிசக் கயிறு போட்டுத் தூணில் கட்டியிருந்தார். அளவெடுத்துப் பழகிய கண், தானாக அளந்தது. தூணிலிருந்து எங்கள் வேலிக்குப் பதினைந்து அடி இருக்கும். கயிறு மூன்றடிதான் விட்டிருந்தார். இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்.