பந்து வருகிற பக்கம்

நான் உடற்கல்வி இயக்குநராக இருந்தது ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி. மைதானம் என்று ஒன்று உண்டு. பாதி மணல், பாதி கருவேலமுள். வாரத்துக்கு ஒரு பந்தாவது முள் குத்திச் சாகும். கால்பந்து அணிக்குப் பதினோரு பேர் தேறாததால், வாலிபால் ஆடிய ஒருவனைக் கோல்கீப்பராக நிறுத்தியிருந்தேன்.

எண்பதுகளில் ஒரு ஜூன் மாதம், பெரியபட்டினத்து யாசின் கடைசி வருடம் படிக்க எங்களிடம் வந்து சேர்ந்தான். அதற்கு முன் மதுரையில் பெரிய கல்லூரி ஒன்றில், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இரண்டு வருடம்.

முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. "மதுரையில ஆடுனவனாம்ல! அப்ப கப்பு நமக்குத்தான்."

"ஆடுனவன் இல்ல சார், உக்காந்திருந்தவன்" என்றேன்.

உண்மை அதுதான். அங்கே அவனுக்கு முன்னால் நான்கு பார்வர்டுகள். பெரிய கல்லூரியின் பனியனைப் போட்டுக்கொண்டு பெஞ்சைத் தேய்த்தான். கிளம்பும்போது அந்தக் கோச், "அந்தப் பொட்டல்ல போயி ஆடுனா உன்ன எவன்டா பாப்பான்?" என்று வாழ்த்தி அனுப்பினாராம்.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால்தான் பாங்க், ரயில்வே போன்ற அணிகள் திரும்பிப் பார்க்கும். விளையாடுவதற்கென்றே வேலை கொடுப்பார்கள். யாசினுக்கு அந்த ஒரு வருடம்தான் கெடு. "இந்தத் தடவ இல்லன்னா மாமு விசா அனுப்புறேன்னுட்டாக சார். சவுதியில கடைல நிக்கணும்" என்றான்.

நிற்க மாட்டேன் என்றவன்

முதல் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினோம். யாசின் எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில், பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவனைப்போல நின்றுகொண்டிருந்தான். பந்து அவனிடம் போனால்தானே?

மறுநாள் அவனை ஸ்டாப்பராக, கோலுக்கு முன்னால் தடுத்து ஆடச் சொன்னேன்.

"நான் பார்வர்டு சார். பின்னால நின்னா எவன் சார் பாப்பான்?"

"ஏலே, நம்ம டீமுக்குப் பந்து வாரதே அங்கனதான். அங்கன நின்னாத்தான்லே பாப்பாங்க."

கோபித்துக்கொண்டு ஒரு வாரம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தவன் நேராகக் கோலுக்கு முன்னால் போய் நின்றான். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வீட்டில் கூட்டிப் போனார்களாம். அந்தப் போட்டோ என் புத்திமதியைவிட நன்றாக வேலை செய்தது.

பார்க்க வந்தவர்கள்

மண்டலப் போட்டியில் முதல் ஆட்டமே அவனுடைய பழைய கல்லூரியோடு. அவர்களுடைய பார்வர்டைப் பார்க்கத்தான் பல்கலைக்கழக அணியின் செலக்டர்கள் வந்திருந்தார்கள். பந்து எங்கள் பாதியைவிட்டு அநேகமாக நகரவே இல்லை. யாசின் தலையால் முட்டினான், சறுக்கித் தடுத்தான், கார்னர்களில் பறந்தான். உதடு கிழிந்த பிறகும் வெளியே வரவில்லை. இரண்டு கோலில் தோற்றோம். அவன் இல்லையென்றால் எண்ணிக்கையை எழுதக் கரும்பலகை போதாது.

ஆட்டம் முடிந்ததும் மூத்த செலக்டர், "யாருய்யா அந்த அஞ்சாம் நம்பர்?" என்றார்.

மதுரைக் கோச் முந்திக்கொண்டார். "நம்ம பையன்தான் சார். நான் உருவாக்குனது."

"ஆமா சார், ரெண்டு வருஷம் உக்கார வச்சே உருவாக்குனாரு" என்றேன். செலக்டர் சிரித்தார். கோச் டீ குடிக்கப் போய்விட்டார்.

யாசின் பல்கலைக்கழக அணிக்குப் போனான். அங்கே அவனைப் பார்த்த சென்னை பாங்க் அணி ஒன்று டிரையல்ஸுக்கு அழைத்து வேலையும் கொடுத்தது. முழங்கால் போகும்வரை ஆடினான். பிறகு அதே ஆபீசில் கோப்பு தள்ளினான். தொழில்முறை ஆட்டக்காரனின் எதிர்காலம் அன்றைக்கு அவ்வளவுதான். பாராட்டு விழாவில் முதல்வர் அரை மணி நேரம் பேசினார். ஸ்டாப்பர் என்றால் பந்தை நிறுத்துகிற கோல்கீப்பர் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் பெரிய கல்லூரிகளிலிருந்து மூன்று பேர் எங்களிடம் மாறி வந்தார்கள். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்டாப்பர் சார்" என்றார்கள் மூவரும்.

"அப்ப முன்னால எவன்லே ஆடுறது?"

"அதெல்லாம் தெரியாது சார். இங்கன நின்னா சென்னையில வேலைன்னாங்க."

மூவரில் ஒருவனும் ஆட்டக்காரனாக வேலைக்குப் போகவில்லை. சின்னக் கல்லூரி யாருக்கும் வேலை வாங்கித் தராது. தொண்ணூறு நிமிடம் ஓட விடும், அவ்வளவுதான். அதில் உதட்டைக் கிழித்துக்கொள்ளத் தயாராக இருப்பவன் மட்டும் மாறி வரட்டும்.