தட்டைப் பாதத்துக்கு நான் எழுதிய கடிதம்

பாதம் தட்டையாக இருந்தால் படையில் சேர்க்க மாட்டார்களாமே, உண்மையா என்று பிசியோதெரபி பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு சிறிய கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது, இந்தக் கேள்வியால் நான் பட்ட பாட்டை இப்போதாவது எழுதிவைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் துணிச்சல்காரி இல்லை. சோதனைச் சாவடியைத் தூரத்தில் கண்டாலே அடையாள அட்டையைத் தேடிக் கைப்பையைக் கொட்டுகிற ஆள்.

1. ஈரக் கால்

கட்டைபறிச்சானிலிருந்து தம்பிராசா என்ற கமக்காரர், குடாவைக் கடக்கும் மூதூர் லாஞ்சில் ஏறித் தன் மகள் சுகந்தியோடு வந்தார். அவளுக்குப் பத்தொன்பது வயது. காலைத் தண்ணீரில் நனைத்து சீமெந்துத் தரையில் நிற்கச் சொன்னேன். விலகியபோது முழுப் பாதமும் தரையில் பதிந்திருந்தது. உட்பக்க வளைவு இருக்க வேண்டிய இடமெல்லாம் ஈரம். நல்ல தட்டைப் பாதம். ஆனால் குதிக்காலை உயர்த்தி விரல்களில் நிற்கச் சொன்னதும் வளைவு வந்துவிட்டது. இதை நாங்கள் ஃபிளெக்சிபிள், நெகிழக்கூடியது, என்போம். வலி இல்லையென்றால் வைத்தியமே தேவையில்லை.

"நோகுதா?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். நாள் முழுக்க வயலுக்க நிக்கிறனான்" என்றாள் சுகந்தி.

தம்பிராசா அவளை வெளியே போய் இருக்கச் சொல்லிவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மிஸ், வீட்டுக்கு ஒராள் தரவேணுமாம். இயக்கத்தில இருந்து ரெண்டு தரம் வந்திட்டாங்கள். எனக்கு இவள் ஒருத்திதான். தட்டைக்கால் எண்டால் எடுக்க மாட்டாங்களாம் எண்டு கதைக்கினம். ஓட ஏலாது எண்டு ஒரு கடிதம் தாங்கோ."

டொக்டர் அன்று லீவு. அவர் இருந்திருந்தால் அவர் தலையில் கட்டியிருப்பேன். இல்லையென்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த மனிதரின் கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். வாசிக்கப் போகிறவர்களுக்கு விளங்க வேண்டுமென்று தமிழிலேயே எழுதினேன். "இரு பாதங்களும் தட்டை. ஓடவோ நெடுநேரம் நிற்கவோ முடியாது. ஆயுதப் பயிற்சிக்கு உகந்தவர் அல்ல." கையெழுத்தும் வைத்து, கிளினிக் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

2. லாஞ்ச் ஜெட்டி

ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. தம்பிராசா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மிஸ், லாஞ்ச் ஏறுற ஜெட்டியில பிள்ளையை நேவிக்காரர் மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். கடிதத்தை எடுத்திட்டாங்கள். எழுதின ஆள் வரட்டுமாம்."

இந்த ஊரில் இருந்துகொண்டு நான் இதை யோசிக்கவில்லை. அக்கரை இயக்கத்தின் கையில், இக்கரை அரச படையின் கையில். அக்கரையில் காட்ட வேண்டிய கடிதம் இக்கரைச் சாவடியைத் தாண்டித்தானே போகவேண்டும்? பின்கதவால் லிங்கநகருக்கு, வீட்டுக்கே ஓடிவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் முத்திரையில் கிளினிக்கின் பெயர் இருக்கிறது. ஓட்டோவில் போகும்போது என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில்.

சாவடியில் இருந்த கடற்படை அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு தெரிந்திருந்தது. கடிதம் அவர் கையில் இருந்தது.

"ஆயுதப் பயிற்சி எண்டு எழுதியிருக்கு. அங்க இயக்கத்துக்கு எடுக்கிற ஆக்களுக்கு மெடிக்கல் பாக்கிற ஆள் நீங்களா?"

அப்போதுதான் அந்தக் கடிதம் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று விளங்கியது. தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ தெரியாது.

அவர் சுகந்தியைப் பார்த்தார். "ஜெட்டி முடியுமட்டும் ஓடு. திரும்பி வா."

மெதுவாக ஓடு, நொண்டி ஓடு என்று மனசுக்குள் மன்றாடினேன். அவளோ பயத்தில் பறந்தாள். போய்த் திரும்பி வந்து மூச்சுக்கூட வாங்காமல் நின்றாள்.

"நல்லா ஓடுறாள். அப்ப இது பொய்."

"ஓம் சேர், பொய்தான் எழுதினனான்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "இவளைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் எழுதினனான். எனக்கு வேற ஒண்டும் தெரியாது."

அவர் என் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"போங்க. இனி எழுதினா உங்களைத்தான் கொண்டுபோவன்."

அடுத்த லாஞ்ச் வருமட்டும் அங்கே நின்றோம். ஏறப்போகும்போது தம்பிராசா என் பக்கம் குனிந்து கேட்டார். "வேற ஒண்டு எழுதித் தருவீங்களோ மிஸ்? நாளைக்கு வரட்டோ?"

"ஏலாது ஐயா. தயவுசெய்து இனி வராதேங்கோ" என்றேன். சுகந்தி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

டொக்டர் வந்ததும் கடிதம் பிடிபட்ட கதையைச் சொன்னேன். தலையில் கைவைத்தார். "காலில கண்டதை மட்டும் பேப்பரில எழுதுங்கோ பிள்ளை. ஆருக்கு, எதுக்கு எண்டு எழுதப்போனா நாங்கள் எல்லாரும் உள்ளுக்குத்தான்." பல மாதம் கிளினிக் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் நான் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன்.

3. செருப்பு

வராதேங்கோ என்று சொல்லியும் தம்பிராசா வந்தார். இரண்டு மாதம் இருக்கும். தனியாக வந்தார். பையிலிருந்து மகளின் பழைய செருப்புச் சோடியை எடுத்து மேசையில் வைத்தார்.

"கொண்டு போயிட்டாங்கள், மிஸ். தட்டைக்கால் எண்டு சொன்னனான். கடிதம் எங்க எண்டு கேட்டாங்கள்."

ஒரு செருப்பை எடுத்துப் புரட்டினேன். உட்பக்கம் தேய்ந்திருந்தது.

"பூட்ஸ் குடுத்திருக்கினமாம். அதைப் போட்டு நடக்கக் கால் வீங்குதாம். உள்ளுக்கு வைக்கிறதுக்கு ஏதோ செய்வீங்களாமே, இந்த அளவுக்கு ஒண்டு செய்து தாங்கோ."

இன்சோல் செய்வது எனக்கு அரை நாள் வேலை. ஆனால் கை எழவில்லை. இதைச் செய்து கொடுத்தால் அவளை அவர்களுக்கு இன்னும் உதவுகிறவளாக ஆக்குகிறேனோ என்று குழம்பினேன். அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

"நல்லா ஓடக்கூடிய மாதிரிச் செய்து தாங்கோ, மிஸ். ஓட ஏலாட்டி முதல்ல சாகிறது அவள்தானே."

செய்தேன். என் வேலைக் காலத்தில் அவ்வளவு கவனமாக வேறொன்றும் செய்ததில்லை. சாவடியில் பார்த்தால் நோயாளியின் செருப்பு போலத் தெரியட்டும், அக்கரையில் பிய்த்துப் பூட்ஸுக்குள் வைக்கட்டும் என்று அந்தப் பழைய சோடியின் மேலேயே லேசாக ஒட்டிக் கொடுத்தேன். தம்பிராசா அதன் பிறகு வரவில்லை. சுகந்தி என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. கட்டைபறிச்சான் ஆட்கள் கிளினிக்குக்கு வந்தால் விசாரிக்க வாய் வரும். பதிலுக்குப் பயந்து விசாரிக்க மாட்டேன்.

பிள்ளைகளே, ஆள் தேவையென்று வாசலில் வந்து நிற்பவர்கள் எல்லோரும் குனிந்து காலைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவர்கள் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். தம்பிராசா ஜெட்டியில் வேறொன்று கேட்டபோது, "இரு பாதங்களும் தட்டை" என்று ஒரேயொரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அது பொய்யில்லை, எந்தச் சாவடியிலும் அதற்காக யாரையும் மறித்திருக்க மாட்டார்கள். முதல் கடிதத்தில் அளவுக்கு மீறி எழுதினது என் பிழை. அதை அதிகாரியிடமும் டொக்டரிடமும் அப்போதே சொல்லிவிட்டேன். இரண்டாவது கடிதத்தை எழுதாமல் விட்டதை இன்றுதான் சொல்கிறேன்.