குழந்தைகள்: ஒன்று

எதிர்வீட்டு ரோஹிணியைப் பற்றி எங்கள் ஊர் நகரியில் யாரைக் கேட்டாலும் திமிர் பிடித்தவள் என்பார்கள். வீடு தேடி வந்த வரனைக் கெடுத்துக்கொண்டாள், பெற்ற அப்பன்மாதிரி பார்த்துக்கொண்ட அண்ணனைத் தலைகுனிய வைத்தாள், இப்படி அடுக்குவார்கள். அடுக்குகிறவர்களில் ஒருவரும் அன்று அந்தக் கூடத்தில் இல்லை. நான் இருந்தேன். காபி டம்ளர் கழுவிக் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவளுடைய அப்பா வேதாச்சலத்துக்குச் சொந்தமாக பவர்லூம் இருந்தது. பெண்ணைப் புத்தூரில் கோவர்த்தனன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தார். அவன் குவைத்துக்குப் போனான். கொஞ்ச காலம் போனும் பணமும் வந்தன. அப்புறம், அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிற சேதி வந்தது. ரோஹிணி அழுது புரண்டெல்லாம் நிற்கவில்லை. கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு, மகள் பத்மினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மறுவாரமே அப்பாவின் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். தன் சோற்றைத் தானே சம்பாதித்தாள், யாருக்கும் பாரமில்லை.

பாரமாக நினைத்தவன் அவளுடைய அண்ணன் சுரேஷ்பாபு. திருப்பதியில் எம்.சி.ஏ. முடித்துவிட்டுப் பெங்களூர் கம்பெனிக்குப் போனவன். எங்கள் தெருவில் அவன்தான் அப்படிப் போன முதல் ஆள். அதனால் அவன் வாயைத் திறந்தால் தெருவே கேட்கும். கம்ப்யூட்டரில் ஜனங்கள் நிரப்புகிற படிவங்களுக்கு விதி எழுதுவது அவன் வேலை. அப்போது திருப்பதியில் ஒரு கல்யாணத் தரகருக்காக வெப்சைட் செய்துகொண்டிருந்தான். அதை எங்களுக்கும் காட்டினான். 'விவாகரத்தானவர்' என்று தேர்ந்தெடுத்தால் கீழே இரண்டு கட்டம் திறந்தன: குழந்தைகள் எத்தனை, யாரிடம் வளர்கிறார்கள். நிரப்பாமல் நகர முடியாது, சிவப்பு எழுத்தில் முறைக்கும். 'திருமணமாகாதவர்' என்று மாற்றினால் இரண்டு கட்டமும் மாயமாக மறைந்தன. மறைந்ததைப் பற்றி யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

அதில் அவன் ஒரு வேலையைப் பாக்கி வைத்திருந்தான் என்பது பின்னால் தெரிந்த விஷயம். பதிலை மாற்றும்போது, மறைகிற கட்டத்தில் முன்பு எழுதியதையும் சேர்த்து அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் மறைப்பதோடு விட்டுவிட்டான். கண்ணில் படவில்லையே, அது போதாதா என்பது அவன் கணக்கு. எதிலுமே அவன் அப்படித்தான்.

அவனுக்குச் சித்தூரில் ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். வாழாவெட்டி இருக்கிற வீட்டில் எங்கள் பெண் வந்து விளக்கேற்ற மாட்டாள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். சுரேஷ்பாபு தங்கையின் விவரத்தைத் தன் வெப்சைட்டிலேயே ஏற்றினான். முதலில் ரோஹிணி சொன்னபடி உண்மையைத்தான் எழுதினான். வந்ததெல்லாம் நரைத்த தலைகள்.

"பாத்த இல்ல? உண்மைய எழுதினா கெழவனுங்கதான் வருவானுங்க" என்றான்.

"எனக்கு யாரும் வேணாம்ணா. தறி ஓட்டிக்கினு பாப்பாவ பாத்துக்கிறேன்."

"உனக்கு வேணாம். எனக்கு வேணும்."

அங்கேயே உட்கார்ந்து 'திருமணமாகாதவர்' என்று மாற்றினான். குழந்தை மறைந்துபோனது. பத்து நாளில் திருப்பதியிலிருந்து சிரஞ்சீவி என்ற வரன் வந்தது. நல்ல உத்தியோகம், சொந்த வீடு.

ரோஹிணி ஒத்துக்கொள்ளவே இல்லை. அம்மா இந்திராணி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "ஆறு மாசம்தாண்டி. அப்பால மாப்பிள்ளைகிட்ட மெதுவா சொல்லி, கொழந்தைய இட்டுக்கினு போயிடலாம்." அண்ணன் சூடம் அணைத்தே சத்தியம் செய்தான். அதை நம்பித்தான் அவள் தலையாட்டினாள். ஆறு மாதத்தில் பிள்ளை திரும்பக் கிடைக்கும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நாலு வயது பத்மினி, வெதுருகுப்பத்தில் இருந்த இந்திராணியின் தங்கை பொன்னியம்மாவிடம் போனாள். இனி அவள் பொன்னியம்மா பெற்ற மகள். ரோஹிணி அவளுக்கு அக்கா, ஆயா இந்திராணி இனிமேல் பெரியம்மா. பெண் பார்க்கும் நாளில் பொன்னியம்மா சமையலுக்கு வர வேண்டியிருந்தது, குழந்தையை விட்டுவர அங்கே ஆள் இல்லை. முந்தின நாளே இருவரும் வந்தார்கள். பிள்ளை ஓடிவந்து "அம்மா" என்றது. சுரேஷ்பாபு குறுக்கே வந்து நின்றான்.

"அம்மான்னா திரும்பாத ரோஹிணி. அக்கான்னா மட்டும் திரும்பு. ரெண்டு வாட்டி செஞ்சா தானா வந்துடும்."

தறிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நின்ற நிற்பை நான் பார்த்தேன். பின்னால் குழந்தை அம்மா அம்மா என்று தொண்டை வறளக் கூப்பிட்டது. கடைசியில் பொன்னியம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "அக்கா" என்றது. ரோஹிணி திரும்பினாள். சுரேஷ்பாபு கை தட்டினான். எனக்கு அவன் கையை உடைக்கலாம் போல இருந்தது.

மறுநாள் சிரஞ்சீவியும் அவன் அம்மா சந்திரம்மாவும் வந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. பத்மினி தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். யாரென்று சந்திரம்மா கேட்டதற்கு, "அக்காவோட தங்கச்சி" என்று ஒப்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சந்திரம்மா மட்டும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தரகர் தன் ஆபீசிலிருந்து அச்செடுத்துக் கொடுத்தது. சுரேஷ்பாபு திரையில் மறைத்ததெல்லாம் உள்ளே பத்திரமாகக் கிடந்து, தாளில் வரிசையாக இறங்கியிருந்தது.

"கல்யாணம் ஆவலன்னு போட்டிருக்கு. கீழ கொழந்தைங்க ஒண்ணு, பொண்ணுகிட்ட வளருதுன்னு இருக்கு. இது ஏந்திப்பா, என்னா கணக்கு?"

"அது சாஃப்ட்வேர் தப்பு அத்த. வேற யாரோடதோ வந்து ஒட்டிக்கினு இருக்கும்" என்றான் சுரேஷ்பாபு. முகத்தில் ஈயாடவில்லை.

"சரேலே, விடு. தப்பாவே இருக்கட்டும்." சந்திரம்மா பத்மினியின் கையைப் பிடித்து இழுத்து ரோஹிணிக்கு முன்னால் நிறுத்தினாள். "இது தலைல கைய வெச்சு, இது நான் பெத்தது இல்லன்னு சொல்லும்மா. நாளைக்கே தட்டு மாத்திக்கலாம்."

பெற்ற வயிறு எப்படி அதைச் செய்யும்? வேதாச்சலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திராணி கண்ணாலேயே கெஞ்சினாள். "வெய்யி ரோஹிணி, ஒரு செகண்ட் வேல" என்றான் அண்ணன்.

அவள் கை உயர்ந்தது. பிள்ளையின் உச்சந்தலையைத் தொட்டது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டது.

"என் பொண்ணு" என்றாள். "நான் பெத்தது."

சிரஞ்சீவி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான். "முன்னாடியே சொல்லியிருந்தா கார் வாடகையாவது மிஞ்சியிருக்கும்" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு அதில் நஷ்டம். கார் கிளம்பியதும் ரோஹிணி பிள்ளையை வாரி அணைக்கப் போனாள். பத்மினி பின்வாங்கி, பாவாடைக்கு மேல் தொடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அக்கான்னுதான சொன்னேன். கிள்ளாத, கிள்ளாத." ரோஹிணி பாவாடையை விலக்கிப் பார்த்தாள். கன்றிய தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. பொன்னியம்மா பாடம் சொல்லிக்கொடுத்த விதம் அது.

அன்றைக்கே அண்ணன் அவளை வீட்டைவிட்டுப் போகச் சொன்னான். அப்பாவும் தடுக்கவில்லை. வாழாவெட்டி வெளியேறியதால் அவன் கல்யாணம் தடையில்லாமல் நடந்தது. இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். ரோஹிணி ஊர்க்கோடியில் ஒற்றை அறையில் குடியேறி, கூலிக்குத் தறி ஓட்டிப் பெண்ணைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் பத்மினி அம்மா என்பாள். வாசலில் பால்காரர் வந்து நின்றாலும் போதும், அக்கா ஆகிவிடும். ரோஹிணி கொஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். மாற்ற முடியவில்லை.

போன வருஷம்... இல்லை, அதற்கும் முன்னால், அவளை நர்சிங் சேர்க்கத் திருப்பதிக்குப் போனோம். துணைக்கு நானும் போனேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண், கூட வந்திருப்பது யார் என்று கேட்டாள். "அக்கா" என்றாள் பத்மினி.

"அக்கா கையெழுத்து செல்லாதும்மா. அப்பா இல்லன்னு போட்டா அம்மா கட்டாயம். அவங்கள இட்டுக்கினு வாங்க."

"நான்தாம்மா இவளோட அம்மா" என்றாள் ரோஹிணி.

அந்தப் பெண் நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமாவாம்மா?" என்று மகளையே கேட்டாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பத்மினி வாயைத் திறக்கவில்லை.