எல்லா வீட்டிலும் நாலு பேர்

அந்த வட்டாரத்தில் தையல்காரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்குலம் என்பார்கள், வயதில் சிறியவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து அங்குலம் அக்கா என்பார்கள். டேப்பை எடுக்காமலே, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லக்கூடியவள். ஒருமுறை சாலையில் ஓடிக்கொண்டிருந்த பேருந்தின் ஜன்னலோரம் இருந்தவருக்குத் தோள் பதினெட்டரை என்று கத்திச் சொன்னாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்தே திரும்பி வந்து, சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டுப் போனார். நம்பாதவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். கையில் துணியோடு மட்டும் போக வேண்டாம், தைத்துவிடுவாள்.

முப்பத்திரண்டு வருடமாக அவள் அளவு நோட்டு எழுதி வந்தாள். ஒரு நோட்டு நிரம்பினால் அடுத்தது. ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை அறிய அரசாங்கம் எத்தனையோ படிவம் அச்சடிக்கிறது. அங்குலத்துக்கு அது இடுப்பளவிலேயே தெரியும். வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருடம் ஊரின் இடுப்பு சராசரியாக ஒன்றரை அங்குலம் பெருத்தது. கல் குவாரி மூன்று மாதம் மூடிக் கிடந்தபோது ஆண்களின் கால்சட்டைகள் எல்லாம் பிடித்துத் தைக்க வந்து சேர்ந்தன. பால் நிலையம் திறந்து, பால் ஊற்றும் பெண்கள் கையில் நாலு காசு புரள ஆரம்பித்ததும், அவர்கள் சட்டையில் உள்பை வைக்கச் சொன்னார்கள், கணவன்மார் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடமாகப் பார்த்து. பிள்ளைகள் நகரத்துக்கு வேலை தேடிப் போனால் நோட்டில் அவர்களுடைய அளவு பதினெட்டு வயதிலேயே நின்றுவிடும். ஐந்தாறு வருடம் கழித்துத் தொப்பையும் மனைவியுமாகத் திரும்பி வருகிறவனுக்குப் புதிதாக ஒரு பக்கம் திறக்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவளிடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. பள்ளி ஆசிரியர்கள் போதவில்லை. பள்ளி இறுதி தேறியவராகவும் எல்லா வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறை வரை போகக்கூடியவராகவும் ஒருவர் வேண்டும் என்று அலுவலகத்தில் தேடினார்கள். தேடி முடிப்பதற்குள் அங்குலமே போய் நின்றாள். அடையாள அட்டையும் ஒரு பையும் கொடுத்தார்கள். பையின் தையலைப் பார்த்து முகம் சுளித்து, அன்றைக்கே பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டாள்.

அதே வாரம் இன்னொரு கடிதமும் வந்தது. அது ஊரின் சுகாதார நிலையத்துக்கு. அங்கே நர்ஸாக இருந்தவள் அங்குலத்தின் மருமகள். இந்தக் கணக்கெடுப்பில் ஆயிரம் பேருக்குக் குறைவாக வரும் இடங்களில் சுகாதார நிலையத்தை மூடி, நகரத்து நிலையத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்றும், நர்ஸுக்கு எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஓர் ஊரில் வேலை தருவார்கள் என்றும் எழுதியிருந்தது. மகன் பால் வண்டி ஓட்டுபவன். வண்டி எந்த ஊரிலும் ஓடும், அதனால் தானும் கூடப் போக வேண்டியதுதான் என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அங்குலத்துக்கு நெஞ்சுக்குள் ஊசி முறிந்ததுபோல் இருந்தது. ஆறு வருடத்தில் மாமியாரும் மருமகளும் சண்டை போடாத நாளில்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று காலையில் தொடங்கினால், விளக்கை யார் அணைப்பது என்பதில்தான் முடியும். நடுவில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள், அடுத்த சுற்றுக்குத் தெம்பு வேண்டுமே. எதிர்த்துப் பேச ஒருத்தி இல்லாத வீட்டில் மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருமகள் காதுக்குப் போய்விடும்.

ஊருக்குள்ளும் வெங்காயக் காட்டுக் குடியிருப்புகளிலும் கணக்கு சுலபமாக நடந்தது. சுகாதார நிலையத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி அவளுக்கு முன்னாலேயே வீடு வீடாகப் போயிருந்ததால், ஆளாளுக்கு உதவ முன்வந்தார்கள். பால்காரர் ஒருவர் தன் இரண்டு பசுக்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். குடும்பத்தில் சம்பாதிப்பதே அவைதானாம். முடிவெட்டுபவர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"எங்க அப்பாவையும் எழுதிக்கோங்கக்கா."

"அவர் செத்துப் பதினோரு வருசம் ஆச்சேப்பா."

"ஆச்சு. ஆனா வீட்டுல இன்னும் அவர் சொல்லுதான் நடக்குது."

அங்குலம் பசுவையும் எழுதவில்லை, அப்பாவையும் எழுதவில்லை. அளவில் கால் அங்குலம் பொய் சொன்னாலும் சட்டை காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் பயம் அவள் விரலிலேயே ஊறிப் போயிருந்தது. ஊரும் காடும் சேர்ந்து எழுநூற்று முப்பத்தொன்று. மீதி குவாரிக் குவாட்டர்ஸில்தான் வர வேண்டும்.

குவாட்டர்ஸ் என்பது மலையடிவாரத்தில் வரிசை வரிசையாக அறுபது வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை. அறுபது வீட்டுக்கும் இரண்டு குழாய். குவாரிக் கம்பெனி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: வீட்டுக்கு நாலு பேர். நாலுக்கு மேல் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாலுக்குக் கீழே இருந்தால் வேறு குடும்பத்தில் மிஞ்சியவர்களைக் கொண்டுவந்து உள்ளே தள்ளுவார்கள். ஆகவே அங்கே பத்துப் பேர் இருக்கிற வீட்டிலும் நாலு பேர், இரண்டு பேர் இருக்கிற வீட்டிலும் நாலு பேர். கேட்பது யாராக இருந்தாலும் பதில் அதுதான். வாசலில் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தை அவளுடைய பையைப் பார்த்ததும், இன்னும் அம்மா என்றே சொல்ல வராத குழந்தை, நாலு விரலைத் தூக்கிக் காட்டியது.

முதல் வீட்டில் கல்யாணமாகி இரண்டு மாதமான ஜோடி. நாலு பேர் என்றார்கள். மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டதற்கு, வெளியே போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இருவரும் சுவரைப் பார்த்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு வீட்டுக் கொடியில் அவள் தைத்த சட்டைகளே வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பெரிதும் சிறிதுமாக ஒன்பது.

"எத்தனை பேரும்மா?"

"நாலு பேருக்கா."

"ஒன்பது சட்டை தொங்குதே?"

"மாத்தி மாத்திப் போட்டுக்குவோம்."

"உன் வீட்டுக்காரர் இந்த ஆறு வயசுச் சட்டையையா மாத்திப் போடுறாரு?"

"துவைச்சா சுருங்கிடுதுக்கா. உங்ககிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

தன் தையலைப் பழித்ததை அங்குலம் அப்போதைக்கு விழுங்கிக்கொண்டாள். குடும்பத் தலைவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும், அவர் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி. அறுபது வீடு, வீட்டுக்கு நாலு, இருநூற்று நாற்பது. மொத்தம் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. இருபத்தொன்பது பேர் குறைந்தார்கள். தாள்களை ஒப்படைக்க இன்னும் நாலு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளிடம் மருமகள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். எண்ணைக் கேட்டாள்.

"எனக்காகப் பொய் எழுதிடாதீங்க அத்தை."

"உனக்காக யாரு எழுதுறா? நீ போனா வீட்டுல ஒரு அறை மிச்சம். இன்னொரு மெஷின் போடுவேன்."

"போடுங்க. ஜன்னலையும் சாத்தியே வெச்சுக்கோங்க."

ஆனால் அன்றைக்கு அந்தச் சண்டை அதோடு நின்றுவிட்டது. இருவருக்குமே அது சரியாகப் படவில்லை.

அன்று மாலை அங்குலம் அளவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு குவாட்டர்ஸ் பக்கங்களை மட்டும் புரட்டினாள். ஆள் இருந்தார்கள். கழுத்து, தோள், இடுப்போடு நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். மறுநாள் குழாயடிக்குப் போய், இந்தத் தாள் கம்பெனிக்குப் போகாது, முத்திரை வைத்த உறையில் நேரே அரசாங்கத்துக்குப் போகும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே கண்ணால் வரிசையின் கடைசி வீட்டைக் காட்டினார்கள். அங்கேதான் மேஸ்திரி குடியிருந்தார். வீடு வீடாக வந்து தலையெண்ணி, நாலுக்கு மேல் இருந்தால் கம்பெனிக்கு எழுதிப் போடுபவர் அவர்தான். அவரிடமிருந்து கல்கூட ஒளிய முடியாது என்று குவாரியில் பேச்சு.

அந்த மேஸ்திரி அன்று மத்தியானம் சட்டை அளவு பார்க்கக் கடைக்கு வந்தார். அங்குலம் அவருக்கு அரைகுறையாகத் தைத்த சட்டையை மாட்டிவிட்டு, அக்குளில் ஆறு, இடுப்பில் எட்டு, காலரில் நாலு என்று குண்டூசிகளைக் குத்தி நிறுத்தினாள். ஒரு சட்டைக்கு இத்தனை குண்டூசி அவள் வாழ்நாளில் குத்தியதில்லை. பிறகு படிவத்தை எடுத்தாள்.

"அசையாதீங்க, குத்திடும். வீட்டுல எத்தனை பேரு?"

"அன்னிக்கே சொன்னேனே. நாலு."

அங்குலம் மறு கையால் நோட்டைத் திறந்து நிதானமாக வாசித்தாள். மேஸ்திரிக்கு இடுப்பு முப்பத்தெட்டு. அவர் மனைவிக்கு முப்பத்தாறு. இரண்டு பிள்ளைகள், பள்ளிச் சீருடை, மூன்று விரல் மடிப்பு விட்டுத் தைத்தது. மனைவியின் தம்பிகள் இருவர், இருவருக்கும் ஒரே அளவு, ஒருவன் மட்டும் கொஞ்சம் கூன். மாமியார், இடுப்பு நாற்பத்திரண்டு.

"ஏழு ஆச்சு. உங்க மாமியார் இந்த நாலு பேர்ல யாரு?"

மேஸ்திரி மூச்சை மட்டும் விட்டார். மூச்சுக்கும் இரண்டு ஊசி குத்தியது. பிறகு மெல்ல எல்லாம் வெளியே வந்தது. கம்பெனி எப்போதோ போட்ட சட்டம். அதைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் தனக்கு அந்தக் கடைசி வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் முதலில் காலியாவது தன் வீடு. ஆய்வுக்கு யாராவது வந்தால் மாமியாரைப் பின்பக்கம் துணி துவைக்க அனுப்பிவிடுவாராம். அதனால் அந்தப் பகுதியிலேயே வெளுப்பான துணி அவர்கள் வீட்டுத் துணிதான்.

"போன மாசம் அவங்களுக்கு மூச்சு இரைச்சப்ப எங்க தூக்கிட்டு ஓடினீங்க?"

"உங்க மருமககிட்ட."

"அந்த இடத்தைத்தான் மூடப்போறாங்க. இருபத்தொன்பது பேரு குறையுது. நீங்க ஒளிச்சு வெச்சது மூணு."

மேஸ்திரி வெகுநேரம் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். குண்டூசிச் சட்டை போட்ட ஆளுக்கு வேறு என்ன பார்க்க முடியும். பிறகு கையை மட்டும் நீட்டி, படிவத்தைத் திருத்தச் சொல்லி, ஏழுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு விடாமல் மறுநாள் காலை குழாயடிக்கே வந்தார். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள்.

"எங்க வீட்டுல ஏழு பேரு," என்றார். "அந்தத் தாளு எனக்கும் வராது, கம்பெனிக்கும் வராது. அவங்கவங்க வீட்டு ஆளை அவங்கவங்க எழுதிக்கோங்க."

பிறகு ஒன்பது சட்டைக்காரி முதல் ஆளாக அங்குலத்தின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்தாள்.

அவளுக்குச் சற்றுப் பொறுமை வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்குலம் முறைப்படி முதல் வரிசையிலிருந்துதான் தொடங்கினாள். தொடங்கியதுதான் வினையாயிற்று. முதல் வரிசை முழுக்கப் புது ஜோடிகளும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்ட கிழ ஜோடிகளும். உண்மை சொல்லலாம் என்றானதும் அவர்கள் ஆசை ஆசையாக உண்மை சொன்னார்கள். இரண்டு, இரண்டு, இரண்டு. பதினொரு வீட்டில் இருபத்திரண்டு பேர் காணாமல் போனார்கள். மேஸ்திரி வீட்டு மூன்றைச் சேர்த்தும் கணக்கு தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. பொய்யாவது இருபத்தொன்பதில் நின்றது. உண்மை நாற்பத்தெட்டு ஆளைக் கேட்டது. ஒரு கணம் அங்குலத்துக்கு அந்த முதல் வீட்டு ஜோடியின் இரண்டை நாலாகவே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பெண் புன்சிரிப்போடு நீட்டிய தாளை வாங்கி, இரண்டு என்றே எழுதினாள்.

இரண்டாம் வரிசையில் காற்று திரும்பியது. ஒன்பது சட்டை ஒன்பது ஆளாயிற்று. அடுத்த வீட்டில் ஆறு. அதற்கடுத்ததில் கட்டிலின் மேலே மூன்று பேர், கீழே மூன்று பேர், சமையலறையில் ஒரு சித்தி. மறைத்து வைத்திருந்த அத்தைகளும் மச்சான்களும் கொழுந்தன்களும் கதவுக்குப் பின்னாலிருந்தும் திரைக்குப் பின்னாலிருந்தும் வந்து, கூச்சத்தோடு வரிசையில் நின்று, பெயரும் வயதும் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் எட்டு வருடம் குடியிருந்தவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு அடுத்த வீட்டிலேயே மறைந்திருந்த பெண் கிடைத்தாள் என்றும் சொல்கிறார்கள். அதற்கு நோட்டில் ஆதாரமில்லை, ஆனால் அந்த வருடக் கடைசியில் அவள் ஒரு கல்யாண உடுப்பு தைத்தது உண்மை.

குவாட்டர்ஸ் மட்டும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. எல்லாம் சேர்ந்து ஆயிரத்து இருபத்திரண்டு. அங்குலம் நாலு தடவை கூட்டிப் பார்த்தாள். ஐந்தாம் தடவை கூட்டப் பயமாக இருந்தது, நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எண்ணை மட்டும் சொன்னாள். மருமகள் அப்படியே துணி வெட்டும் மேசைமேல் உட்கார்ந்துவிட்டாள். அடியில் ஒரு அதிகாரியின் பாதி வெட்டிய கால்சட்டை இருந்தது. அங்குலம் பக்கத்தில் வந்து நின்று, அவள் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். இல்லாத நூலையும் இரண்டு மூன்று முறை எடுத்துவிட்டாள்.

"போதும் எழுந்திரு," என்றாள் பிறகு. "அந்தாளு மடிப்பு கலையாம போடுறவர்."

இரண்டு மாதம் கழித்து, நிலையம் அங்கேயே இருக்கும் என்று கடிதம் வந்தது. கூடவே நோயாளிகளுக்கென்று ஒரு கட்டிலும் வந்தது. கட்டிலைச் சுற்றித் திரை வேண்டும், பச்சையில் வேண்டும் என்றாள் மருமகள். பச்சை நோயாளியை இன்னும் வெளிறிக் காட்டும், மஞ்சள்தான் என்றாள் அங்குலம். மகன் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் இருவரும் கடைசியில் ஒத்துக்கொண்ட நீலத்துக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.